பயனர்கள் இருக்கிறார்கள், பங்களிப்பாளர்கள் இல்லை: ஜாங்கோவிடமிருந்து என்ன கற்கலாம்?

பதிவு 1 – கரிசல்

வணக்கம். பைத்தானில் எழுதப்பட்ட ஒரு சிறிய வெப் பிரேம்வொர்க்கை (இணையப் பயன்பாடுகள் எழுத உதவும் அடித்தள நிரலை) நானும் என் நண்பர் ஒருவரும் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்பதால் தவிர்க்கிறேன். கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகங்கள், ஒன்றிரண்டு கல்லூரி அலுவலகங்கள் ஆகியவற்றின் உள்பயன்பாட்டு மென்பொருள்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நட்சத்திரங்கள் கூடுகின்றன. "இன்ஸ்டால் செய்தேன், ஓடவில்லை" என்ற இஷ்யூக்களும் (பிழைப் புகார்களும்) கூடவே கூடுகின்றன. நிரலில் கைவைப்பவர்கள் என்று பார்த்தால் இன்றைக்கும் நாங்கள் இருவர்தான். எப்போதாவது ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி ஒருவர் அனுப்பும் கோரிக்கை) வரும். அதை அனுப்பியவர் மறுபடி இந்தப் பக்கம் வருவதில்லை.

இந்த ஆண்டு சமூகத்தை வளர்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். டிஸ்கார்ட் சர்வர் தொடங்குவது, மாதம் ஒரு சந்திப்பு நடத்துவது, நல்ல லோகோவும் ஸ்டிக்கரும் அடிப்பது, அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு இயக்கத்துக்காக எளிய இஷ்யூக்களைத் திறந்து வைப்பது ஆகியவை இப்போதைய திட்டம். நாங்கள் இருவரும் ஜாங்கோ என்ற புகழ்பெற்ற பைத்தான் வெப் பிரேம்வொர்க்கில் வேலை பழகியவர்கள். ஒரு நாளிதழ் அலுவலகத்தில் இரண்டு பேர் தொடங்கிய நிரலைச் சுற்றி இவ்வளவு பெரிய சமூகம் எப்படிச் சேர்ந்தது என்பதை, அதை நெடுங்காலமாகப் பின்தொடர்பவர்கள் இங்கே சொன்னால் எங்கள் திட்டத்தைத் திருத்திக்கொள்வோம்.

பதிவு 2 – பழைய_லினக்ஸர்

உங்கள் திட்டத்தில் உள்ள நான்கு விஷயங்களும் பிரேம்வொர்க்குக்கு வெளியே நடப்பவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோவின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்தால், வளர்ச்சிக்கு உதவியவற்றில் பெரும்பகுதி உள்ளே நடந்தது.

2003-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவந்த லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் அதை எழுதத் தொடங்கினார்கள். செய்தி அறையில் காலக்கெடு மணிக்கணக்கில் இருக்கும். பிற்பகலில் கேட்ட பக்கம் மாலைக்குள் வேண்டும். நிரல் தெரியாத செய்தியாளர்களே உள்ளீடு செய்ய வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இன்றும் பலர் ஜாங்கோவுக்கு வரக் காரணமாக இருக்கும் அட்மின் பகுதி பிறந்தது. ஜேக்கப் கப்லன்-மாஸ் பின்னர் சேர்ந்தார். 2005 ஜூலையில் பிஎஸ்டி உரிமத்தில் பொதுவெளிக்கு வந்தது. அதாவது, வெளியே வரும்போதே அது உண்மையான தளங்களை ஓட்டிக்கொண்டிருந்த நிரல். இந்த வகையில் உங்கள் நிலைமையும் மோசமில்லை, உங்களிடமும் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன.

அடுத்த மூன்று ஆண்டுகள்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் பகுதி. 2006-இல் மாடல் அடுக்கில் (தரவுத்தளத்தோடு பேசும் பகுதியில்) மறைவாக நடந்த பல வேலைகளை நீக்கி, பழைய நிரல்களை உடைக்கும் ஒரு பெரிய மாற்றத்தை அவர்கள் துணிந்து செய்தார்கள். உடைப்பதையெல்லாம் முதல் நிலையான பதிப்பான 1.0-க்கு முன்பே உடைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 2008 ஜூனில் ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அமைந்தது, செப்டம்பரில் 1.0 வந்தது, அதே மாதம் மவுண்டன் வியூவில் கூகிள் வளாகத்தில் முதல் ஜாங்கோகான் மாநாடு நடந்தது. 1.0-உடன் வந்த உறுதிமொழி, இனிமேல் முன்னறிவிப்பின்றி எதையும் உடைக்க மாட்டோம் என்பது. ஒரு வசதியை நீக்க வேண்டுமானால் முதலில் எச்சரிக்கை காட்டி, குறைந்தது இரண்டு வெளியீடுகள் பொறுத்துத்தான் நீக்குவார்கள்.

அந்த உறுதிமொழி வந்த பிறகே வெளியாட்கள் தங்கள் நேரத்தை நம்பிச் செலவிட்டார்கள். ஆண்ட்ரூ காட்வினின் சவுத், டாம் கிறிஸ்டியின் ரெஸ்ட் பிரேம்வொர்க் போன்ற துணைத் தொகுப்புகள் அப்படி வளர்ந்தவை. அடிமண் ஆண்டுக்கொரு முறை நகரும் இடத்தில் யாரும் இரண்டாவது மாடி எழுப்ப மாட்டார்கள். எதிர் உதாரணம் வேண்டுமானால் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிரேம்வொர்க் இருக்கிறது: 2016-இல் ஆங்குலர் 2 வந்தபோது அது பழையதோடு ஒட்டாத புதிய பிரேம்வொர்க்காக இருந்தது, அதுவரை துணைத் தொகுப்புகள் எழுதியவர்களில் பலர் அந்த இடைவெளியில் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

உங்கள் பிரேம்வொர்க்கின் பதிப்பு எண் என்ன? 0.9-இல் தொடங்கும் எண்ணாக இருந்தால், லோகோவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பதிவு 3 – ஆவணப்பிரியை

பழைய_லினக்ஸர் நிலைத்தன்மையைச் சொன்னார், அது சரிதான். ஆனால் நிலையாக இருந்தும் ஆள் சேராத பிரேம்வொர்க்குகள் ஏராளம். ஜாங்கோவில் வேறுபட்டது ஆவணங்களை அவர்கள் நடத்திய விதம். நிரல் மாற்றமும், அதைச் சோதிக்கும் டெஸ்ட்டும், ஆவணமும் ஒரே பேட்ச்சில் (திருத்தத் தொகுப்பில்) வர வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் பேட்ச் முழுமையடையாது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பிழைகளையும் கோரிக்கைகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்துவைக்கும் ஜாங்கோவின் டிராக் தளத்தில் ஏதாவது ஒரு டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம். டிக்கெட்டின் நிலை முதலில் "அன்ரிவ்யூட்" என்று இருக்கும். யாரேனும் ஒருவர் பிழையைத் தன் கணினியில் மறுபடி உண்டாக்கிப் பார்த்து உறுதி செய்தால் "ஆக்செப்டட்" ஆகும். கீழே சில பெட்டிகள் இருக்கின்றன: பேட்ச் இருக்கிறதா, டெஸ்ட் வேண்டுமா, ஆவணம் வேண்டுமா, பேட்ச்சைச் செம்மை செய்ய வேண்டுமா, எளிதில் எடுத்துச் செய்யக்கூடியதா. பேட்ச் எழுதியவர் அல்லாத இன்னொருவர் படித்துப் பார்த்து நிறைவடைந்தால்தான் "ரெடி ஃபார் செக்கின்" (சேர்க்கத் தயார்) நிலைக்குப் போகும். தன் பேட்ச்சுக்குத் தானே அந்த நிலையைக் கொடுத்துக்கொள்வது முறையாகாது. இந்த ஏற்பாட்டின் அருமை, நிலையை மாற்ற எந்தப் பதவியும் தேவையில்லை என்பது. நேற்று கணக்குத் தொடங்கியவர்கூட ஒரு டிக்கெட்டைச் சோதித்து, "என் கணினியில் இது நிகழ்கிறது, இந்தப் பதிப்பிலிருந்து நிகழ்கிறது" என்று எழுதி நகர்த்தலாம். நிரல் எழுதாமலேயே செய்யக்கூடிய, அதே நேரம் உண்மையிலேயே பயனுள்ள வேலை அங்கே எப்போதும் கிடக்கிறது. உங்கள் பிரேம்வொர்க்கில் அப்படி என்ன வேலை கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, முதன்முறை பங்களிப்பவருக்கான அவர்களுடைய பாடம். அதில் ஒரு கற்பனை டிக்கெட் வருகிறது, எண் 99999. ரொட்டி வாட்டித் தரும் ஒரு செயல்கூறு ஜாங்கோவில் வேண்டும் என்பது கோரிக்கை. "மேக்_டோஸ்ட்" என்று அழைத்தால் "டோஸ்ட்" என்ற சொல் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த விளையாட்டுக்குள்ளே ஃபோர்க் (களஞ்சியத்தின் தனி நகல்) எடுப்பது, டெஸ்ட் தொகுப்பை ஓட்டுவது, முதலில் தோற்கும் டெஸ்ட்டை எழுதுவது, பிறகு நிரல் எழுதி அதைத் தேற வைப்பது, ஆவணத்தில் சேர்ப்பது, புல் ரிக்வெஸ்ட் வரை போவது என்று முழுப் பாதையையும் நடத்திக் காட்டிவிடுகிறார்கள். உண்மையான பிழையை எடுத்திருந்தால் புதியவரின் கவனம் முழுவதும் அந்தப் பிழையில் சிக்கியிருக்கும். வாட்டிய ரொட்டியில் சிக்க ஒன்றுமில்லை. பங்களிப்பு வழிகாட்டி என்ற பெயரில் நாம் எழுதும் அரைப்பக்கக் கோப்போடு இதை ஒப்பிட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பதிவு 4 – மின்மினி

இருவரும் சொன்னதைப் படித்தால் நல்ல நிரலும் நல்ல ஆவணமும் இருந்தால் ஆட்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. அப்படி வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2014 வரையிலான ஜாங்கோவின் மையக் குழுவை (நிரலில் மாற்றம் சேர்க்கும் உரிமை பெற்றவர்களை) பார்த்தால் அது பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்களின் குழு. ஆவணம் அனைவருக்கும் திறந்தே இருந்தது. வாசல் திறந்திருப்பதும் உள்ளே அழைப்பதும் வேறுவேறு.

அதே 2014 ஜூலையில் பெர்லினில் யூரோபைத்தான் மாநாட்டோடு சேர்ந்து ஓலா சிதார்ஸ்காவும் ஓலா செண்டெக்காவும் முதல் ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்கை நடத்தினார்கள். ரெயில்ஸ் என்ற இன்னொரு பிரேம்வொர்க்கைச் சுற்றி 2010-இல் ஹெல்சிங்கியில் தொடங்கிய ரெயில்ஸ் கேர்ள்ஸ் அதற்கு முன்னோடி. கட்டணம் இல்லை, முன்னறிவு தேவையில்லை, மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற அளவில் சிறு குழுக்கள், ஒரே நாளில் சொந்த வலைப்பதிவு ஒன்றை எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்தப் பாடநூல் திறந்த உரிமத்தில் இருப்பதால் பல மொழிகளுக்குப் போனது. அதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தம் ஊரில் நடத்த முடிந்தது. ஜாங்கோவைப் பற்றி ஒரு வரி விளம்பரம் கொடுக்காமல் உலகின் எத்தனையோ ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

நம் பக்கத்திலும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஊட்டியில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வ்ஸ், சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடலாடலில் பழகியவர்களுக்கு நன்கு தெரிந்தவர், ஜாங்கோவைத் தொடக்க காலத்திலிருந்தே பயன்படுத்தி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். 2009-இல் பெங்களூருவில் முதல் பைகான் இந்தியா மாநாடு நடந்ததற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். 2012-இல் அவர் மறைந்த பிறகு இந்திய பைத்தான் சொசைட்டி அவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. அவரைப் போன்ற ஒருவர் ஓர் ஊரில் இருந்தால் அந்த ஊரில் சமூகம் இருக்கும். ஆகவே மாதாந்திரச் சந்திப்பைக் கைவிடாதீர்கள் என்பது என் கருத்து. சென்னையின் பைத்தான் பயனர் குழுவான சென்னைப்பை குழுவினர் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டு நடத்துகிறார்கள்; கூட்டம் பெரிதா சிறிதா என்பதைவிட, அந்தச் சனிக்கிழமை போனால் நிச்சயம் யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையே ஆட்களைத் திரும்ப வரவழைக்கிறது.

பதிவு 5 – சோதனைக்காரன்

ஹாக்டோபர்ஃபெஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான் சொல்கிறேன்: வேண்டாம்.

2020 அக்டோபரில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்பது விதி. ரீட்மீ கோப்பில் (களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பில்) ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புவது எப்படி என்று ஒரு யூடியூப் காணொளி செய்து காட்டியது; அதைப் பார்த்தவர்கள் உலகத்தில் உள்ள களஞ்சியங்களில் எல்லாம் "அருமையான புராஜெக்ட்" என்ற சொற்களைச் சேர்த்து அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் கணிசமானோர் நம் நாட்டு மாணவர்கள். மாதம் பிறந்து மூன்றாம் நாளே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களுக்கு மட்டும் என்று நிகழ்வை நடத்திய டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் பிரேம்வொர்க்குக்கும் அதேதான் நேர்ந்தது. கிட்ஹப் கற்றுக்கொடுக்கும் ஒரு காணொளியில் அதன் களஞ்சியம் எடுத்துக்காட்டாக வந்துவிட, ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் வரிசை கட்டின.

அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். புல் ரிக்வெஸ்ட்டின் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் எண்ணிக்கை வரும். அதைப் படித்துப் பார்த்து மூட வேண்டியவர்கள் நீங்கள் இருவர். வருகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் உங்கள் பிரச்சினை எனும்போது, வருகிறவர்களை மட்டும் பெருக்குவது எந்த வகையில் உதவும்?

பதிவு 6 – ஒதுங்கிய_வாசகர்

இங்கே வழக்கமாகப் படித்துவிட்டுப் போகிறவன் நான். ஒரு பயனரின் பக்கத்தையும் பதிந்துவைக்கலாம் என்று தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தும் பிரேம்வொர்க் ஒன்றில் (அதன் பெயர் வேண்டாம்) தேதிகளை வடிகட்டும் இடத்தில் ஒரு பிழை இருந்தது. நள்ளிரவுக்குப் பின் ஐந்தரை மணி நேரத்துக்குள் பதிவான ரசீதுகள் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன. இந்திய நேர வித்தியாசத்தைக் கழிக்க மறந்த பழைய கதைதான். திருத்தி, டெஸ்ட்டும் எழுதி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். எந்தப் பதிலும் இல்லை. பல மாதங்கள் கழித்து ஒரு ஸ்டேல் பாட் (நெடுநாள் அசையாதவற்றைத் தானாக மூடும் நிரல்) வந்து, செயல்பாடு இல்லாததால் இதை மூடுகிறேன், உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று எழுதிவிட்டு மூடியது. செயல்பாடு இல்லாமல் இருந்தது என் பக்கம் அல்ல.

இன்றும் எங்கள் அலுவலகத்தில் அந்தத் திருத்தத்தை ஒட்டிய தனி நகல்தான் ஓடுகிறது. ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் அதை மறுபடி ஒட்டுகிறோம். இன்னொரு பிழையும் கண்டுபிடித்தோம், அதையும் எங்கள் நகலிலேயே திருத்திக்கொண்டோம், அனுப்பவில்லை. "ஒருமுறை வந்தவர் மறுபடி வருவதில்லை" என்று கரிசல் எழுதியதைப் படித்தபோது, அவர்களில் எத்தனை பேர் இப்படித் தனி நகலோடு இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

பதிவு 7 – கரிசல்

கேட்டுப் பார்க்கிறேன். கிட்ஹப்பில் ஃபோர்க்குகளின் பட்டியலே இருக்கிறது, அவற்றில் எங்கள் நிரலைவிட முன்னேறியிருப்பவை எவை என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

பழைய_லினக்ஸருக்கு: ஆம், 0.9-இல்தான் இருக்கிறோம்.

பார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல் என்றால், பார்க்கும் உரிமையைப் பரவலாகக் கொடுத்துவிடுவது தீர்வாகாதா? ஃபெலிக்ஸ் கைசன்டோர்ஃபர் 2013-இல் எழுதிய யோசனை ஒன்று உண்டு: யாராவது புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் அவருக்குக் கமிட் உரிமையை (நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமையை) கொடுத்துவிடுங்கள், பொறுப்பு வந்ததும் அவர் நிரலை முன்னிலும் கவனமாகப் பார்ப்பார் என்பது. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்ட உதவும் நோட் ஜேஎஸ்ஸிலும் இதற்கு நெருக்கமானது நடந்தது. நிர்வாகம் ஒரு நிறுவனத்தின் கையில் இறுகிக் கிடந்ததால் 2014 டிசம்பரில் பங்களிப்பாளர்கள் ஐஓ.ஜேஎஸ் என்று பிரிந்து போனார்கள், குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்தவர்களைத் தாராளமாக உள்ளே சேர்த்தார்கள், 2015 செப்டம்பரில் இரண்டும் இணைந்து நோட் 4.0 ஆனபோது அந்தத் தாராளமான முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

பதிவு 8 – பழைய_லினக்ஸர்

ஐஓ.ஜேஎஸ் உதாரணம் நல்லதுதான், ஆனால் அங்கே ஏற்கெனவே வரிசையில் காத்திருந்த ஒரு கூட்டம் இருந்தது. கதவைத் திறந்ததும் நிறைந்தது. உங்களிடம் வரிசை இல்லை.

அதோடு, 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் விவகாரம் வெளிவந்த பிறகு இந்த யோசனையை அப்படியே ஏற்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. அது பிரேம்வொர்க் அல்ல, தரவைச் சுருக்கும் நிரல் நூலகம். ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். தனியாளாகப் பராமரித்து வந்த லாஸே கொலின் களைத்துப் போயிருந்த காலத்தில், "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகப் பயனுள்ள பேட்ச்களை அனுப்பி நம்பிக்கை பெற்றார். "வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் கொடுங்கள்" என்று வேறு சில கணக்குகள் மடலாடலில் நெருக்கின. உரிமை கைமாறியது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வந்து சேர்ந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் கவனித்துத் தோண்டியதால் அது பரவலான வெளியீடுகளுக்குப் போகும் முன் பிடிபட்டது. களைத்துப்போன பராமரிப்பாளருக்கு உதவ வருகிற முதல் ஆளிடம் சாவியைக் கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஜாங்கோ எடுத்த வழி வேறு. அதை வழிநடத்தி வந்த ஹோலோவாட்டியும் கப்லன்-மாஸும் 2014 ஜனவரியில் இறுதி முடிவெடுக்கும் பதவியிலிருந்து விலகினார்கள். அப்போதே தெரிந்த ஒரு சிக்கல், மையக் குழுவில் பெயர் இருப்பவர்கள் பலர், தினசரி டிக்கெட் பார்ப்பவர்கள் சிலர் என்பது. தன்னார்வலர்களுக்குப் புதிய வசதி எழுத ஆர்வம் இருக்கும். வந்து குவியும் பேட்ச்களைப் படிக்க யாருக்கும் ஆர்வம் இருக்காது. அந்த ஆண்டே ஃபவுண்டேஷன் நன்கொடைப் பணத்தில் ஃபெலோ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் ஃபெலோ டிம் கிரஹாம். அவருக்குச் சம்பளம் கொடுத்தது புதிய வசதிகள் எழுதுவதற்காக அல்ல: டிக்கெட்டுகளைத் தரம் பிரிப்பது, மற்றவர்களின் பேட்ச்களைப் படிப்பது, பாதுகாப்புப் புகார்களைக் கையாள்வது, குறித்த நாளில் வெளியீட்டைக் கொண்டுவருவது. 2018-இல் கார்ல்டன் கிப்சனும் 2019-இல் மரியுஷ் ஃபெலிசியாக்கும் அந்தப் பணிக்கு வந்தார்கள், பிறகு வேறு சிலர் வந்தார்கள். எட்டு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்கு தவறாமல் நடப்பதற்கு இந்த ஏற்பாடே முதுகெலும்பு என்பது என் கணிப்பு.

2020-இல் ஏற்கப்பட்ட டெப் 10 (ஜாங்கோ மேம்பாட்டு முன்மொழிவு 10) என்ற தீர்மானத்தில் மையக் குழு என்ற அமைப்பையே கலைத்தார்கள். அதை முன்வைத்த ஜேம்ஸ் பென்னட்டின் வாதம் எளியது: கமிட் உரிமை என்பது எட்டாத உயரத்து மாலையாகிவிட்டதால் மற்றவர்கள் "இது நமக்கான இடம் இல்லை" என்று ஒதுங்குகிறார்கள், குழுவோ வளரவும் இல்லை. பென்னட்டின் வழியில், இணைப்பவர், வெளியிடுபவர் என்று இரண்டு எளிய பணிப்பொறுப்புகள் மட்டும் மிஞ்சின, தொழில்நுட்ப முடிவுகளில் பிணக்கு வந்தால் தீர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறு குழு. நிரலை உள்ளே சேர்ப்பதைக் கௌரவத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். கரிசல் சொல்லும் தாராளமும் நான் சொல்லும் எச்சரிக்கையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதற்கு இது வழி காட்டுகிறது: கருத்துச் சொல்ல, சோதிக்க, தரம் பிரிக்க எல்லோருக்கும் உரிமை, சாவி மட்டும் மிகச் சிலரிடம்.

பதிவு 9 – மின்மினி

ஃபவுண்டேஷன், ஃபெலோ, சம்பளம் என்பதெல்லாம் இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்துகிற பிரேம்வொர்க்குக்குச் சரி. அச்சகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பயன்படுத்துவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஜாங்கோவுக்கே அந்தப் பணம் வருவதற்கு ஒன்பது ஆண்டு ஆயிற்று. பணம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் கரிசலின் கேள்வி.

அதற்கும் ஜாங்கோ சமூகத்திலேயே விடை இருக்கிறது. ஜாங்கோநாட் ஸ்பேஸ் என்ற எட்டு வார வழிகாட்டல் திட்டத்தைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். புதியவர்கள் சிறு அணிகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் நிரல் தெரிந்த ஒரு நேவிகேட்டர், கூடவே ஒரு கேப்டன். கேப்டனின் வேலை நிரல் அல்ல. இந்த வாரம் எங்கே தடுக்கி நிற்கிறீர்கள், யாரிடம் கேட்டீர்கள், பதில் வந்ததா என்று விசாரிப்பது. எட்டு வாரம் ஒரே ஆளோடு தொடர்பில் இருந்தவர் ஒன்பதாம் வாரம் காணாமல் போவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆவணமும் டிக்கெட் பெட்டியும் செய்ய முடியாத வேலை இது.

பதிவு 10 – ஆவணப்பிரியை

மின்மினியோடு இதில் முழுமையாக உடன்படுகிறேன், ஆனால் வழிகாட்டலுக்கும் ஆள் வேண்டும்; அங்கே இருப்பது அதே இரண்டு பேர்தான். எனவே நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று பார்ப்போம். டிஸ்கார்ட் தொடங்கினால் இருவரின் மாலைகளும் அங்கேயே போகும். அங்கே சொன்ன பதில் தேடுபொறியில் அகப்படாது. அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்பார், மறுபடி சொல்வீர்கள். ஜாங்கோகாரர்கள் தங்கள் விவாதங்களை மடலாடலிலும் பிறகு பொது மன்றத்திலும் வைத்திருப்பதால், பத்தாண்டுக்கு முந்தைய முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதை இன்றும் படிக்க முடிகிறது. அரட்டைக்கு என்று ஒரு இடம் பிற்பாடு வந்தால் தவறில்லை.

மிச்சமாகும் மாலைகளில் ஒன்றை வாரந்தோறும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் ஒதுக்கி, அதைப் பங்களிப்பு வழிகாட்டியின் முதல் பத்தியில் எழுதிவையுங்கள்: "எது அனுப்பினாலும் அடுத்த புதன்கிழமைக்குள் ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதுவார்." ஏற்றுக்கொள்வோம் என்று உறுதி தர வேண்டாம். வேண்டாம் என்பதும் பதில்தான். காரணத்தோடு "வேண்டாம்" என்று கேட்டவர் மறுபடி வேறொன்றை அனுப்புவார், ஒதுங்கிய_வாசகரைப் போல மௌனத்தைக் கேட்டவர்தான் தனி நகலோடு போய்விடுகிறார். ஸ்டேல் பாட்டை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பணம் குறித்தும் ஒரு சொல். மின்மினி நினைப்பதுபோல் அது முற்றிலும் எட்டாத ஒன்றல்ல. 2013-இல் ஆண்ட்ரூ காட்வின் ஜாங்கோவுக்கு மைக்ரேஷன் வசதியை (தரவுத்தள அமைப்பை மாற்ற உதவுவதை) எழுதக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 2,500 பவுண்டு கேட்டார், 17,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அது 2014 செப்டம்பரில் 1.7 பதிப்பில் வெளிவந்தது. ஒரு பேருக்கு, ஒரு வேலைக்கு, ஒரு முறை என்று குறுகிய வரையறையோடு கேட்டதால் கொடுப்பவர்களுக்கும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தது. நம் நாட்டில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் திறமூல மென்பொருள்களுக்காக ஃபிளாஸ் ஃபண்ட் என்று ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் நிதியைத் தொடங்கியிருக்கிறது. விண்ணப்பத்தின் முதல் படி உங்கள் தளத்தில் ஃபண்டிங்.ஜேசன் என்ற கோப்பை வைப்பது. எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்பதை அதில் எழுத வேண்டும். கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கோப்பை நிரப்ப உட்கார்ந்தாலே ரிவ்யூவுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்ற கணக்கு வெளியே வந்துவிடும்.

பதிவு 11 – சோதனைக்காரன்

ஒரு சிறு சேர்க்கை. பதில் எழுதுவது இருக்கட்டும், டெஸ்ட் தொகுப்பு புதியவரின் கணினியில் ஓடுகிறதா? நேற்று இரவு கரிசலின் களஞ்சியத்தைத் தேடிக் கண்டுபிடித்து, விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் இறக்கிப் பார்த்தேன். நிறுவும் வழிமுறை மூன்றாம் வரியிலேயே உபுண்டுவின் ஆப்ட் கட்டளையைக் கேட்கிறது. அதைத் தாண்டிப் போனால் டெஸ்ட்டுகள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இல்லாமல் ஓட மறுக்கின்றன. ஜாங்கோவின் டெஸ்ட் தொகுப்பு பைத்தானோடு கூடவே வரும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைக் கொண்டு, தரவுத்தளம் எதையும் தனியே நிறுவாமல் ஓடும். பெரும்பாலான திருத்தங்களுக்கு அது போதும், மற்ற தரவுத்தளங்களைத் தானியங்கிச் சேவையகம் பார்த்துக்கொள்ளும். கல்லூரி மாணவரிடம் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் மடிக்கணினி. ஒரு மாலை நேரம்தான் அவரிடம் இருக்கிறது. அது போஸ்ட்கிரஸ் நிறுவுவதிலேயே கழிந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு அன்பாகப் பதில் எழுதினாலும் அவர் அனுப்புவதற்கு ஒன்றும் இருக்காது.

பதிவு 12 – கரிசல்

அனைவருக்கும் நன்றி. நண்பரோடு பேசினேன். டிஸ்கார்டையும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டையும் கைவிடுகிறோம். லோகோ என் தங்கை ஏற்கெனவே வரைந்துவிட்டதால் அது மட்டும் தப்பித்தது. டெஸ்ட்டுகளை எஸ்கியூலைட்டில் ஓட வைப்பதுதான் முதல் வேலை. மூன்று இடங்களில் போஸ்ட்கிரஸுக்கே உரிய வினவல்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துத் தனி டெஸ்ட்டாக்க வேண்டும். பிறகு 1.0-க்கு முன் உடைக்க வேண்டியவற்றின் பட்டியலைப் பொதுவில் வெளியிடுவோம். மாதச் சந்திப்பு இருக்கும், ஆனால் அதில் உரை நிகழ்த்தப் போவதில்லை. வந்தவர்களோடு உட்கார்ந்து இஷ்யூக்களைத் தரம் பிரிக்கப் போகிறோம். புதன்கிழமை உறுதிமொழியை வழிகாட்டியில் சேர்த்துவிட்டேன்.

ஃபோர்க்குகளையும் பார்த்தேன். அவற்றில் ஏழு எங்கள் நிரலைவிட முன்னேறியிருக்கின்றன. ஒன்றில் பிடிஎஃப் ரசீதில் தமிழ் எழுத்துகள் உடைவதற்கு யாரோ தீர்வு கண்டு வைத்திருக்கிறார்கள். அது எங்களிடம் இரண்டு இஷ்யூக்களாகத் திறந்தே கிடக்கிறது. ஏழு பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன். சாவியை எத்தனை பேரிடம் கொடுப்பது என்பதில் எனக்கும் நண்பருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. அவர் பழைய_லினக்ஸர் பக்கம், நான் இன்னும் ஐஓ.ஜேஎஸ் பக்கம். அந்த ஏழு பேரிடமிருந்து பதில் வந்த பிறகு அதைப் பேசிக்கொள்கிறோம்.